ஸ்காட்லாந்திலிருந்து சென்னைக்கு: செக்-இன் பெட்டியில் மது பாட்டில் கொண்டுவருவது எப்படி

மூன்று பாட்டில்கள், ஒவ்வொன்றும் 700 மில்லி. இந்தியாவுக்குள் இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்பது தெரியும். மூன்று பாட்டில்கள் ஏறத்தாழ இரண்டு லிட்டர்தானே என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு நானும் வந்திறங்கினேன். சுங்க அதிகாரி பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பார்த்தார், கால்குலேட்டரில் எழுநூறை மூன்றால் பெருக்கினார், 2,100 என்ற எண்ணை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நூறு மில்லி கூடுதல். பாட்டிலைத் திறந்து நூறு மில்லியை மட்டும் கொட்டிவிட்டு வர முடியாது என்பதால் மூன்றாவது பாட்டில் முழுவதுமே மிகுதியாகிவிட்டது. விலையைக் காட்ட ரசீது என்னிடம் காகிதமாக இல்லை. கைப்பேசியில் மின்னஞ்சலாக இருந்தது. கைப்பேசியோ அணைந்து கிடந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து இரண்டு பாட்டில்களோடு வெளியே வந்தேன். வீட்டில் பெட்டியைத் திறந்தபோது அவற்றிலும் ஒன்று கசிந்து, மாமியாருக்கென்று வாங்கிய கம்பளிச் சால்வை முழுவதும் விஸ்கி மணம் ஏறியிருந்தது. சால்வை யாருக்கும் கொடுக்கப்படாமல் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு இருமுறை அதே வழியில் பாட்டில்களோடு சிக்கலின்றி வந்திருக்கிறேன். ஸ்காட்லாந்தின் விஸ்கி வடிசாலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு விமானத்தில் தமிழ்நாடு திரும்புகிறவர்களை மனத்தில் வைத்தே கீழே எழுதியிருக்கிறேன். வேறு நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. வாங்குவதற்கு முன்பே லிட்டர் கணக்கை முடியுங்கள்

முதலில் பிரித்து அறிய வேண்டியது, உங்கள் பெட்டிக்கு இரண்டு வேறு அளவுகோல்கள் உண்டு என்பதை. விமான நிறுவனம் பார்ப்பது தீப்பற்றும் ஆபத்தை. சுங்கத் துறை பார்ப்பது வரியை. விமான நிறுவனத்தின் தளத்தில் ‘ஒருவருக்கு 5 லிட்டர் வரை’ என்று படித்துவிட்டு ஏழு பாட்டில்கள் வாங்கி வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். ஐந்து லிட்டரை விமானத்தில் ஏற்றலாம் என்பது உண்மை. ஆனால் இந்தியாவில் இறங்கும்போது ஒரு பயணிக்கு வரியில்லாமல் கிடைப்பது 2 லிட்டர் மட்டுமே. விஸ்கி, ஒயின், பீர் எல்லாம் சேர்ந்துதான் அந்த 2 லிட்டர். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அல்ல.

பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் விஸ்கி பாட்டிலின் வழக்கமான அளவு 700 மில்லி. லேபிளில் ‘70 சிஎல்’ (சென்டிலிட்டர்) என்று இருக்கும். அமெரிக்க பாட்டிலும் நம் ஊர் முழு பாட்டிலும் 750 மில்லி. விமான நிலைய டியூட்டி ஃப்ரீ கடைகளில் பெரும்பாலும் ஒரு லிட்டர் பாட்டில்கள் இருக்கும். ஆகவே ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு என்றால் கணக்குச் சரியாக முடியும். 700 மில்லியில் இரண்டு வாங்கினால் 1,400 ஆகிறது. மீதி 600 மில்லிக்கு 500 மில்லி பாட்டில் ஒன்றோ, 200 மில்லி பாட்டில் மூன்றோ வாங்கலாம். மூன்றாவதாக 700 மில்லி வாங்குவதுதான் நான் செய்த தவறு.

சின்னச் சின்னதையும் கூட்டிக்கொள்ளுங்கள். 50 மில்லி மினியேச்சர்கள் பத்து வாங்கினால் அதுவே அரை லிட்டர். ஸ்காட்லாந்தில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கான வரம்பு 2014 டிசம்பரில் 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. அதனால் வடிசாலைச் சுற்றுலாவில் கார் ஓட்டி வருகிறவருக்கு, அங்கேயே சுவைக்க வேண்டிய விஸ்கியைச் சிறு குப்பிகளில் அடைத்து ‘டிரைவர்ஸ் டிராம்’ என்று கையில் கொடுத்துவிடுகிறார்கள். நான்கு வடிசாலைகள் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு குப்பிகள் சேர்ந்துவிடும். அவற்றை அன்றன்று மாலை தங்குமிடத்திலேயே முடித்துவிடுவதுதான் நல்லது. அந்தக் குப்பிகளில் பலவற்றுக்கு முறையான லேபிளோ முத்திரையோ இருப்பதில்லை.

இரண்டு பேர் சேர்ந்து பயணம் செய்தால் ஆளுக்கு 2 லிட்டர் உண்டு. ஆனால் ஒருவருடைய வரிவிலக்கை இன்னொருவருடையதோடு சேர்த்துக் கணக்கிட விதி இடம் தருவதில்லை. எனவே கணவன், மனைவி இருவரின் பாட்டில்களையும் ஒரே பெட்டியில் அடுக்கிவிட்டு, ‘பாதி அவருடையது’ என்று வாதாட வேண்டாம். அவரவர் பங்கு அவரவர் பெட்டியில், அவரவர் பெயரில் ஒட்டிய சீட்டோடு இருக்கட்டும். உடன் வரும் கல்லூரி வயதுப் பிள்ளையின் பெயரில் கணக்குப் பார்ப்பதையும் தவிர்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் மது வாங்குவதற்கே 21 வயது ஆக வேண்டும்.

2. லேபிளில் இரண்டாவது எண்ணையும் படியுங்கள்

அளவுக்குப் பக்கத்தில் ஆல்கஹால் சதவீதம் அச்சிட்டிருப்பார்கள். விமானத்தில் ஏற்றுவதற்கான விதி அந்த எண்ணைப் பொறுத்தது. 24 சதவீதமும் அதற்குக் குறைவும் என்றால், அதாவது பீர், ஒயின் போன்றவை என்றால், ஆபத்தான பொருள் என்ற கணக்கில் கட்டுப்பாடு இல்லை. 24-க்கு மேல் 70 வரை உள்ளவை ஒருவருக்கு மொத்தம் 5 லிட்டர் வரை செல்லும். கடையில் விற்ற நிலையில், திறக்கப்படாமல் இருக்க வேண்டும். 70 சதவீதத்துக்கு மேல் போனால் செக்-இன் பெட்டியிலும் கூடாது, கைப்பையிலும் கூடாது.

ஸ்காட்ச் விஸ்கி பெரும்பாலும் 40 முதல் 46 சதவீதம். தண்ணீர் கலக்காமல் பீப்பாயிலிருந்து நேராக அடைத்தவை 60-ஐ ஒட்டி வரும். எதுவும் எல்லையைத் தொடுவதில்லை. வேறு நாடுகளைச் சுற்றிக்கொண்டு வருகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும்: ஆஸ்திரியாவின் ‘ஸ்ட்ரோ 80’ ரம், போலந்தின் ‘ஸ்பிரிட்டுஸ்’, சில வகை அப்சிந்த் ஆகியவை 70-ஐத் தாண்டுகின்றன. அமெரிக்க பாட்டிலில் ‘புரூஃப்’ என்று போட்டிருந்தால் அதைப் பாதியாக்கினால் சதவீதம் கிடைக்கும். 140 புரூஃப்தான் எல்லை.

திறந்த பாட்டிலைக் கொண்டுவர வேண்டாம். நண்பர் வீட்டில் காய்ச்சி, தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்ததையும் அன்போடு மறுத்துவிடுங்கள். உள்ளே இருப்பது எத்தனை சதவீதம் என்று உங்களாலும் சொல்ல முடியாது, அவராலும் சொல்ல முடியாது. சில வடிசாலைகளில் பீப்பாயிலிருந்து நாமே பாட்டிலை நிரப்பி, பேரேட்டில் பெயரெழுதி, லேபிளில் சதவீதத்தைக் கையால் குறித்துக்கொள்ளலாம். அது கடைச்சரக்குதான், கொண்டுவரலாம். ஆனால் மூடியின் மேல் முத்திரை வைத்துத் தரும்படியும், ரசீதில் அளவையும் சதவீதத்தையும் எழுதித் தரும்படியும் கேட்டு வாங்குங்கள்.

3. எங்கே, எப்போது வாங்குவது

ஸ்காட்லாந்துக் கடைகளில் மதுவைக் காலை 10 மணி முதல் இரவு 10 மணி வரைதான் விற்கலாம். விடியற்காலை விமானம் என்றால் வாங்க வேண்டியதை முந்தைய நாளே வாங்கி, இரவே பொதிந்துவிடுங்கள். வயது 18 ஆகியிருக்க வேண்டும். 25-க்குக் கீழே தோற்றமளித்தால் பாஸ்போர்ட் கேட்பார்கள்.

பழைய கட்டுரைகள் பலவற்றில், கடையில் ஒரு படிவம் வாங்கி விமான நிலையத்தில் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெறலாம் என்று எழுதியிருக்கும். அந்தத் திட்டம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் 2021 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வட அயர்லாந்தில் மட்டும் தொடர்கிறது. வரி திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் விலை உயர்ந்த பாட்டிலை வாங்கிவிடாதீர்கள்.

என் அனுபவத்தில் வடிசாலையில் வாங்கத் தக்கது அங்கு மட்டுமே கிடைக்கும் பாட்டில்தான். எல்லா இடத்திலும் விற்கும் பெயர்களை அங்கிருந்து சுமந்து வருவது வீண் வேலை. அவை இந்திய விமான நிலையங்களின் வருகைப் பகுதி டியூட்டி ஃப்ரீ கடைகளிலேயே இருக்கும். ஆனால் அந்த வருகைப் பகுதிக் கடையில் வாங்குவதும் அதே 2 லிட்டருக்குள்தான் அடங்கும். பெட்டியில் இரண்டு லிட்டரோடு வந்திறங்கி, பெட்டி வரும் பெல்ட் பக்கம் நடக்கும் வழியில் சலுகை அறிவிப்பைப் பார்த்து இன்னும் ஒரு லிட்டர் வாங்கினால் அந்த ஒரு லிட்டர் மிகுதியாகிவிடும். கடைக்காரர் உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்கப்போவதில்லை.

4. ரசீது காகிதத்தில் இருக்கட்டும்

ஒவ்வொரு பாட்டிலுக்கும் பெயர், அளவு, விலை தெரியும் ரசீது வேண்டும். மின்னஞ்சலில் வந்திருந்தால் தங்குமிடத்து வரவேற்பு மேசையில் கேட்டு அச்சிட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், பெட்டிக்குத் தரும் சீட்டு ஆகியவற்றோடு ரசீதையும் ஒரே உறையில் வைத்துக் கையில் வைத்திருங்கள்; பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் தேவைப்படும் நேரத்தில் எட்டாது.

விலை எதற்கு என்றால், 2 லிட்டருக்குள் இருந்தாலும் பாட்டிலின் மதிப்பு, கொண்டுவரும் பொருள்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து உங்களுக்கு உள்ள பொது வரிவிலக்கு வரம்பில் சேரும். 2016-ஆம் ஆண்டின் உடைமை விதிகளில் இந்தியர்களுக்கு 50,000 ரூபாய் என்று இருந்த அந்த வரம்பு 2026-இல் திருத்தப்பட்டது, இனியும் மாறக்கூடியது. புறப்படுமுன் சுங்கத் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டே பாட்டில்கள்தான், ஆனால் ஒவ்வொன்றும் முப்பது ஆண்டுகள் பீப்பாயில் இருந்தது என்றால், அளவில் தப்பினாலும் மதிப்பில் மாட்டிக்கொள்வீர்கள்.

5. பொதிதல்

இதற்கு ஒரு பாட்டிலுக்குப் பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள். பயணிகள் விமானத்தில் சரக்கு அறையிலும் காற்றழுத்தம் பராமரிக்கப்படுகிறது. அழுத்தத்தால் பாட்டில் வெடிக்கும் என்ற பயம் வேண்டாம். ஆனால் தரையில் இருப்பதைவிட அழுத்தம் குறைவுதான். ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்து மலையில் நிற்பதற்கு ஒப்பாக ஆகலாம். பாட்டிலின் கழுத்தில் உள்ள காற்று அப்போது விரிந்து மூடியை மெல்ல மேலே தள்ளுகிறது. திருகு மூடி தாங்கிவிடும். கையால் இழுத்துத் திறக்கும் கார்க் மூடி சற்று மேலெழுந்தால், படுக்க வைத்த பாட்டிலிலிருந்து விஸ்கி சொட்டத் தொடங்கும். என் சால்வைக்கு நேர்ந்தது அதுதான். பாட்டிலில் ஒரு கீறலும் இல்லை.

அதனால் கழுத்திலிருந்து தொடங்குங்கள். மூடியை நன்றாக அழுத்தி, கழுத்தை ஈரமில்லாமல் துடைத்து, எலெக்ட்ரீஷியன் பயன்படுத்தும் இழுபடும் டேப்பை மூடியின் மேல் குறுக்காக இரண்டு பட்டைகளும், பிறகு கழுத்தைச் சுற்றி நான்கைந்து சுற்றுகளும் ஒட்டுங்கள். ஈயத் தாளாலோ மெழுகாலோ முத்திரை இருந்தால் அதை உரிக்காமல் மேலேயே ஒட்டலாம். அடுத்து உணவு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கழுத்தில் சுற்றி, பாட்டிலை முழுவதுமாகப் பெரிய ஜிப்லாக் உறையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடுங்கள். உடைந்தாலும் கசிந்தாலும் துணிக்கு வராமல் காப்பது இந்த உறைதான். ஒன்றுக்கு இரண்டாகப் போடுவதில் தவறில்லை.

பிறகுதான் பபிள் ராப். பலர் பாட்டிலின் நடுப்பகுதியை மட்டும் சுற்றிவிட்டு விடுகிறார்கள். அடிபடுவது பெரும்பாலும் அடிப்பாகத்து விளிம்பும் கழுத்து தொடங்கும் தோளும்தான். அடியில் மடித்த துண்டு ஒன்று, தோளைச் சுற்றிக் கனத்த காலுறை ஒன்று. விஸ்கியோடு வரும் அட்டைக் குழாய் பார்க்க அழகாக இருக்குமே தவிர, உள்ளே பாட்டில் ஆடினால் அதுவே உலக்கையாகிவிடும். குழாயோடு கொண்டுவருவதானால் உள்ளே இடைவெளியே இல்லாமல் காலுறைகளைத் திணியுங்கள்.

பெட்டியின் நடுவில், எல்லாப் பக்கமும் ஒரு சாண் துணியாவது இருக்கும்படி வையுங்கள். சக்கரம் இருக்கும் அடிப்பகுதியில் வேண்டாம். இரண்டு பாட்டில்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது. இடையில் ஜீன்ஸ் போன்ற கனமான துணி இருக்கட்டும். மூடிய பிறகு பெட்டியைத் தூக்கிக் குலுக்குங்கள். டக் என்று ஒரு ஓசை வந்தாலும் திறந்து மறுபடி அடுக்குங்கள். முழங்கால் உயரத்திலிருந்து பெட்டியைக் கீழே விட உங்களுக்கே மனம் வரவில்லை என்றால் இன்னும் பொதிந்தது போதவில்லை என்று பொருள். விமான நிலையத்தில் அதைவிட உயரத்திலிருந்து விழும். பட்டுப்புடவையையும் பரிசுப் பொருளையும் வேறு பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

எடையையும் பாருங்கள். நிறைந்த 700 மில்லி பாட்டில் ஒன்று ஏறத்தாழ 1.2 முதல் 1.4 கிலோ வரை இருக்கும். பொதிந்த பிறகு மூன்று பாட்டில்கள் நான்கு கிலோவுக்கு மேல் இழுத்துவிடும். பெட்டிக்கு 23 கிலோ என்றால் வெறும் பெட்டியும் துணிமணியும் சேர்ந்து 18-ஐத் தாண்டக் கூடாது. கூடுதல் எடைக்கு நீங்கள் கட்டும் தொகை பாட்டிலின் விலையைத் தொட்டுவிடலாம்.

6. விமானம் மாறும் இடத்தில்

ஒரே டிக்கெட்டில் துபாய் அல்லது தோஹா வழியாக வந்தால் பெட்டி நேராகச் சென்னை வந்து சேரும். நடுவில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு தனி டிக்கெட்டுகள் வாங்கினால், நடுவில் பெட்டியை எடுத்து அந்த நாட்டுச் சுங்கத்தைத் தாண்டி மறுபடி கொடுக்க நேரிடும். குவைத், சவூதி அரேபியா போன்ற நாடுகளில் பயணி மதுவை உள்ளே கொண்டுவரத் தடை உண்டு. அந்த வழியில் தனி டிக்கெட்டோடு பாட்டிலை எடுத்துவர நினைக்கவே வேண்டாம்.

கைப்பையில் ஒரு புதுச் சிக்கல். எடின்பரோ விமான நிலையத்தில் புதிய ஸ்கேனர்கள் வந்தபின் 2025 முதல் 2 லிட்டர் வரையிலான திரவக் கலன்களைக் கைப்பையில் விடுகிறார்கள். அதை நம்பி ஊருக்குள் வாங்கிய பாட்டிலைக் கையில் எடுத்துச் சென்றால், விமானம் மாறும் இடத்துச் சோதனையில் 100 மில்லி விதி இருக்கும்போது பாட்டில் குப்பைத்தொட்டிக்குப் போகும். கையில் வரத் தக்கது டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கி, ரசீதோடு சேர்த்துச் சிவப்பு விளிம்புள்ள பையில் முத்திரையிட்டுத் தந்தது மட்டுமே. வீடு சேரும் வரை அந்தப் பையைக் கிழிக்கக் கூடாது.

7. இறங்கியதும்

2 லிட்டருக்குள், மதிப்பும் வரம்புக்குள் என்றால், வரிக்குரிய பொருள் இல்லாதவர்களுக்கான பச்சை வழி. ஒரு மினியேச்சர் கூடுதல் என்றாலும் சிவப்பு வழிக்குச் சென்று நீங்களே சொல்லிவிடுங்கள். சுங்கச் சட்டம் 1962-இன் 77-ஆவது பிரிவின்படி உடைமையை அறிவிப்பது பயணியின் கடமை. துறையின் ‘அதிதி’ செயலியில் முன்கூட்டியும் அறிவிக்கலாம். பச்சை வழியில் நடந்து, ஸ்கேனரில் பாட்டில்களின் நிழல் வரிசையாகத் தெரிந்த பிறகு விளக்கம் சொன்னால் அது அறிவிக்காமல் கடத்த முயன்றதாகும். பறிமுதலும் அபராதமும் அதன் பின் வரும்.

மிகுதியான மதுவுக்கு வரி 150 சதவீதம் வரை போகும். 6,000 ரூபாய் மதிப்புள்ள பாட்டில் ஒன்று முழுவதும் மிகுதி என்றால் வரி மட்டுமே 9,000 ரூபாய். பாட்டில் உங்களுக்கு 15,000 ரூபாய்க்கு அடங்குகிறது. ஊரில் வேறெங்கும் கிடைக்காத பாட்டிலாக இருந்தால் கட்டலாம். நான் கட்டவில்லை, விட்டுவிட்டு வந்தேன். விரைவில் மறுபடி வெளிநாடு போகிறவராக இருந்தால் மூன்றாவது வழி ஒன்று உண்டு: முறையாக அறிவித்திருந்தால், 80-ஆவது பிரிவின்கீழ் அந்தப் பொருளைச் சுங்கத்தின் காவலில் வைத்து, நாட்டை விட்டுச் செல்லும்போது திரும்பத் தரும்படி கேட்கலாம். அதற்கு ரசீது தருவார்கள், அதைத் தொலைத்துவிடாதீர்கள். வரி கட்டினாலும் கட்டிய ரசீதை வாங்கிக்கொண்டே நகருங்கள். இதற்கெல்லாம் ஒரு மணி நேரமாவது பிடிக்கும் என்பதால், அழைத்துப்போக வருகிறவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

8. டெல்லியிலோ மும்பையிலோ இறங்கி மதுரைக்கோ கோவைக்கோ போகிறவர்கள்

முதலில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்துச் சுங்கம் முடித்து, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி கொடுக்க வேண்டிவரும்போது, கையில் இருக்கும் டியூட்டி ஃப்ரீ பாட்டிலையும் அந்தப் பெட்டிக்குள் மாற்றிவிடுங்கள். இதற்கென ஒரு பபிள் ராப் துண்டையும் இரண்டு ஜிப்லாக் உறைகளையும் பெட்டியின் வெளி அறையில் வைத்திருப்பது நான் பின்னால் கற்றுக்கொண்டது. உள்நாட்டு விமானத்தின் எடை வரம்பு பல நேரங்களில் 15 கிலோதான் என்பதையும் பாருங்கள். குஜராத், பீகார் போன்ற மதுவிலக்கு மாநிலங்களில் தங்கிவிட்டு வரும் திட்டம் இருந்தால், சுங்க ரசீது அங்கே உங்களைக் காப்பாற்றாது; பாட்டில் இல்லாமல் போங்கள்.

9. உடைந்திருந்தால்

பெல்ட்டில் வரும் பெட்டி ஈரமாக இருந்தாலோ மணம் வந்தாலோ, வெளியே போகுமுன் விமான நிறுவன மேசையில் புகார் எழுதி அதன் எண்ணை வாங்குங்கள். வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது என்றால், 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி செக்-இன் பெட்டியின் சேதத்துக்கு ஏழு நாட்களுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஏழு நாள் கடந்தால் வழக்கே இல்லை. கண்ணாடிப் பொருளுக்குப் பொறுப்பில்லை என்று நிறுவனங்கள் பதில் எழுதுவது வழக்கம். பாட்டிலுக்குப் பணம் கிடைப்பது அரிது. ஆனால் பெட்டியே நசுங்கி உடைந்திருந்தால் அதன் படமும், உள்ளே பொதிந்திருந்த விதத்தின் படமும் உங்கள் பக்கம் பேசும். ஆகவே பெட்டியை மூடுமுன் ஒரு படம் எடுத்து வையுங்கள். கைப்பேசியை விமானம் ஏறுமுன் முழுவதுமாக மின்னேற்றியும் வையுங்கள்.